மடியில் பேத்தி, களத்தில் பாரதம்

சித்திரை பிறந்துவிட்டால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் பொழுது சாய்ந்த பிறகுதான் வாழ்க்கை தொடங்குகிறது. பகல் முழுவதும் அக்னி வெயில் காய்கிறது. மாலையில் வாசல் தெளித்துச் சூடு தணிந்ததும் கோயில் பந்தல்களில் விளக்கெரிகிறது. பெருமாள் கோயில்களில் வசந்த உற்சவம். அம்மன் கோயில்களில் காப்புக் கட்டு. கிராமங்களில் திரௌபதியம்மன் பாரதம். பந்தலில் நாகசுரமும் பாட்டுக் கச்சேரியும் நடக்கும். தெரு முனையில் வெள்ளைத் திரை கட்டிப் பக்திப் படம் காட்டுவார்கள். வெட்டவெளியில் விடிய விடியக் கூத்து நடக்கும்.

அதே நாட்களில்தான் பள்ளி விடுமுறையும் வருகிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை. அவர்கள் பாய்க்குச் சண்டை போட்டு முன்வரிசையில் இடம் பிடித்துவிடுவார்கள். நடக்கக் கற்று ஓடவும் தொடங்கிவிட்ட, ஆனால் இரண்டு வயது நிரம்பாத குழந்தையை என்ன செய்வது? அழைத்துப் போகலாமா, கூடாதா? திருவிழாக் காலத்தில் பல வீடுகளில் தாத்தா பாட்டி ஒரு பக்கமும் பெற்றோர் ஒரு பக்கமுமாக நின்று பேசும் வழக்கு இது.

விழுப்புரத்தில் வாழும் ஒரு முதிய தம்பதியரின் வீட்டிலும் இந்த வழக்கு எழுந்தது. பெரியவர் பணி ஓய்வு பெற்றவர். அம்மையாருக்கு வயது அறுபத்தெட்டு. பிறந்த ஊர் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூர். அவ்வூரில் பாரதம் ஆண்டுதோறும் நடப்பதில்லை. செலவு தாங்காது என்பதால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர்கூடி வரி போட்டு நடத்துவார்கள். அவர்களுடைய மகளுக்குத் திருமணமாகி ஏழு ஆண்டுகள் பிள்ளைப்பேறு இல்லை. மருத்துவம் ஒரு பக்கம் நடந்தது. சென்ற முறை பாரதம் நடந்தபோது அம்மையார் தபசு மரத்தடியில் மடியேந்தி, “குழந்தை பிறந்தால் இதே மரத்தடிக்குக் கொண்டு வந்து காட்டுகிறேன்” என்று வேண்டிக்கொண்டார். பெண் குழந்தை பிறந்தது. இந்தப் பாரதத்தின்போது அதற்கு ஒன்றே முக்கால் வயது. இம்முறை தவறினால் இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் மூன்று ஆண்டு என்பது சிறிய கணக்கன்று.

மகளுக்கோ வேறு கவலை. சென்னையில் ஒரு சுவாமி புறப்பாட்டின்போது அருகில் வெடித்த அதிர்வேட்டில் குழந்தை பயந்துபோய் மூன்று இரவுகள் தூக்கத்தில் அலறியிருந்தது. “அம்மா, நீ வேண்டிக்கிட்டதை நான் குறை சொல்லலை. ஆனா ராத்திரி முழுக்கக் கூத்து, அந்த மைக் சத்தம், வேஷம் போட்டவங்க கத்துறது, இதையெல்லாம் அவ தாங்குவாளா?” என்று கேட்டாள். அம்மையாரிடம் அதற்கு உடனே பதில் இல்லை.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இன்றைய முதியவர்கள் தம் பிள்ளைப் பருவத்தில் கூத்துப் பார்த்த கதையைப் பெருமையோடு சொல்வதுண்டு. கோணிச் சாக்கை விரித்துப் பழம்போர்வையைப் போர்த்திக்கொண்டு களத்தின் ஓரத்தில் கிடந்ததையும், முக்கியமான கட்டம் வந்ததும் அம்மா உலுக்கி எழுப்பியதையும் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அவர்கள் கூத்தைப் பார்த்ததைவிடத் தூங்கியதே அதிகம். தூக்கத்தினூடே கேட்ட மத்தளமும் முகவீணையும்தான் நெஞ்சில் தங்கின. ஆனால் அன்று நடிகர் தம் தொண்டையை நம்பியே பாடினார். களத்தில் தீப்பந்தமோ பெட்ரோமாக்ஸ் விளக்கோ எரிந்தது. இன்று களத்தைச் சுற்றிலும் ஒலிபெருக்கிகள் நிற்கின்றன. ஆகவே அன்று தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து இன்றைய குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட முடியாது.

ஒலியைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரம்பு ஒன்று உண்டு. பெரியவர்களின் காதுக்கு 80 டெசிபல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பானது. குழந்தைகளுக்கு அதே நேர அளவுக்கு 75 டெசிபல்தான் எல்லை. ஒலி 3 டெசிபல் ஏறுந்தோறும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைந்துவிடும். அளக்கும் கருவி எதுவும் வேண்டியதில்லை. கைக்கெட்டும் தொலைவில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் குழந்தைக்கு ஆகாது. காதில் பஞ்சு வைப்பதால் பெரும் பயன் இல்லை; குழந்தை அதை உள்ளே தள்ளிக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி நிற்பதே முதல் காப்பு. குழந்தைகளுக்கென விற்கும் காது மூடியை அணிவிப்பது இரண்டாவது காப்பு.

தூக்கத்துக்கும் கணக்குண்டு. ஒரு வயது முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைக்குப் பகல் உறக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரம் உறக்கம் வேண்டும் என்று 2019-இல் அதே நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இதைப் படித்துவிட்டு, இது மேனாட்டார் கணக்கு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. நம் ஆலயங்களே உறக்கத்துக்கு நேரம் வகுத்திருக்கின்றன. சிவாலயங்களில் அர்த்தஜாம பூஜை முடிந்ததும் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளுகிறார். பால் நிவேதனம் ஆகிறது; நடை சாத்தப்படுகிறது. விடியலில் திருப்பள்ளியெழுச்சி பாடிய பின்பே மறுபடி தரிசனம். உறங்காமல் உலகைக் காக்கும் ஈசனுக்கே படுக்கும் வேளை வைத்திருக்கும் மரபு, மடியிலிருக்கும் சிசுவை நள்ளிரவு வரை விழித்திருக்கச் சொல்லுமா?

குழந்தையின் அளவறிந்து நடத்துவதும் தமிழ் மரபுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் தெய்வத்தையும் தலைவரையும் குழந்தையாக்கியபோது பருவத்துக்குப் பருவம் மாதக் கணக்கு வைத்தார்கள். ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி. பதின்மூன்றாம் மாதம் தளர்நடையிட்டு வரும் வருகை. பதினைந்தாம் மாதம் நிலவை அழைக்கும் அம்புலி. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பத்தொன்பதாம் மாதம் சிறுபறை கொட்டுதலும், இருபத்தோராம் மாதம் சிறுதேர் உருட்டுதலும் வரும். இந்தப் பருவங்களில் எதிலும் குழந்தையை மணிக்கணக்கில் அசையாமல் உட்காரச் சொன்ன புலவர் இல்லை. அது கைதட்ட வேண்டும், நடக்க வேண்டும், பறை கொட்ட வேண்டும், தேரை இழுக்க வேண்டும். திருவிழாவுக்கு அழைத்துப் போகும் குழந்தைக்கும் இதுவே இலக்கணம்.

இதையெல்லாம் ஒரே நாளில் அந்த வீட்டார் உணர்ந்துவிடவில்லை. முதலில் வீட்டுக்கு அருகிலுள்ள பெருமாள் கோயில் வசந்த உற்சவத்துக்குப் பெரியவர் பேத்தியைத் தூக்கிச் சென்றார். கோடை வெம்மை தணியப் பெருமாள் வசந்த மண்டபத்தில் எழுந்தருளியிருந்தார். பந்தலில் பாட்டுக் கச்சேரி. பெரியவர் சங்கீதப் பிரியர். முன்வரிசையில் போய் அமர்ந்தார். பத்து நிமிடம் ஆவதற்குள் குழந்தை நெளிந்தது, இறங்கியது, மேடைக்கு ஏறும் படியை நோக்கி ஓடியது. எழுபதைக் கடந்த முழங்கால் அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் பந்தலே திரும்பிப் பார்த்தது. மறுநாள் அவர் பந்தலின் கடைசிக் காலருகே, பூக்கடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஓட்டத்தைப் பிடிக்க மருமகன் உடன் வந்தார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வேகமெடுத்தபோது குழந்தை தாத்தாவின் தோளில் இரு கைகளாலும் தட்டத் தொடங்கியது. அரை மணி நேரம் ஆனதும் தலை சாய்ந்தது. கச்சேரியில் பிரதான ராகம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பெரியவர் ஒரு கணம் தயங்கிவிட்டு, பெருமாளைக் கும்பிட்டு வீட்டை நோக்கி நடந்தார்.

அடுத்த வாரம் தெருமுனையில் திரை கட்டினார்கள். ஏ.பி. நாகராஜன் இயக்கி 1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’. பெரியவருக்கு அது பலமுறை பார்த்தும் சலிக்காத படம். தருமியாக நாகேஷ் புலம்பும் காட்சியில் பேத்தி சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. குழந்தை திரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கருவியிலிருந்து திரைக்குப் போகும் ஒளிக்கற்றையில் பறந்த ஈசல்களைத்தான் பார்த்தது. கையை நீட்டிப் பிடிக்க முயன்றது. சற்று நேரத்தில் திரைக்குப் பின்புறம் போய், அங்கே அமர்ந்திருந்தவர்களோடு சேர்ந்து இடம்வலம் மாறித் தெரியும் சிவாஜியைக் கண்டு கைதட்டியது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரைக்காட்சி வேண்டாம், இரண்டு வயதிலும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பதே முன்சொன்ன வழிகாட்டியின் கருத்து. குழந்தை அதைப் படிக்காமலே அப்படி நடந்துகொண்டது. இருபது நிமிடத்தில் எல்லோரும் வீடு திரும்பினார்கள். குழந்தைக்குக் கிடைத்த திருவிளையாடல் ஈசல்களின் விளையாட்டுத்தான் என்று பெரியவர் சொல்லிச் சிரித்தார்.

எஞ்சியது பாரதம். செஞ்சி வட்டாரம் திரௌபதியம்மன் வழிபாட்டின் தாயகம். பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் உள்ள ஆலயத்தையே அன்னையின் ஆதி ஆலயமாக அடியார்கள் போற்றுகின்றனர். பாரதம் நடக்கும் ஊரில் பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். அன்று சொன்ன கதையோ அடுத்துவரும் கதையோ இரவில் கூத்தாக நடைபெறும். திரௌபதி கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை பல இரவுகளில் விரியும். நிறைவு நாளில் மண்ணால் செய்த பேருருவமாகத் துரியோதனன் படுகளத்தில் கிடப்பான், அன்னை கூந்தல் முடிப்பாள், மாலையில் தீமிதி.

இவ்வளவு நீண்ட விழாவில் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற விதி இல்லை. கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. நடுவில் வந்து அமர்கிறவரும், பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவரும் உண்டு. திரையரங்கைப் போல இங்கே கதவு சாத்துவதில்லை. குழந்தைக்கு ஏற்ற வாயில் இதில் எங்கே இருக்கிறது என்று தேடுவதே பெரியவர்களின் வேலை.

அம்மையார் அதைத் தேடினார். முதலில் பகாசூரன் கதை நடக்கும் நாளுக்குப் பகல் பேருந்தில் மகளையும் பேத்தியையும் ஊருக்கு அழைத்துச் சென்றார். அன்று சோறும் காய்கறியும் ஏற்றிய வண்டி தெருத் தெருவாக வரும். ஊர்ப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்க்கலாம். பிடிக்காவிட்டால் உள்ளே போய்விடலாம். சிறுதேர்ப் பருவத்துக் குழந்தைக்கு வண்டியைவிடப் பெரிய காட்சி ஏது? வண்டி திரும்பிய பிறகும் தெருமுனையைக் காட்டி ‘வண்டி, வண்டி’ என்று கேட்டுக்கொண்டிருந்தது.

பின்பு, தபசுக்கு முந்திய மாலையில், வேடம் கட்டும் கொட்டகைக்குக் குழந்தையை எடுத்துச் சென்றார். கல்யாண முருங்கை மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தாளும் ஒட்டிய கிரீடங்களும் புஜக்கட்டைகளும் பாயில் பரப்பியிருந்தன. அரிதாரம் பூசாத முகத்தோடு வாத்தியார் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். குழந்தை கிரீடத்துக் கண்ணாடியில் தன் முகத்தைத் தேடியது.

“வாத்தியாரே, அர்ச்சுனன் எப்ப மரம் ஏறுவாரு?” என்று அம்மையார் கேட்டார்.

“பொழுது விடியற நேரத்துலதாம்மா ஏறுவேன். அதுக்கு முன்னாடி குழந்தையைத் தூக்கிட்டு வந்து கஷ்டப்படுத்தாதீங்க. நல்லாத் தூங்க வையுங்க.”

“பயந்து அழுதா?”

“அழுதா தூக்கிட்டுப் போயிடுங்க. எங்கப்பா துச்சாதனன் கட்டினப்போ நானும் அழுத பிள்ளைதான். நீங்க பாதியில எழுந்து போனா அம்மன் கோவிச்சுக்க மாட்டா.”

இந்த ஒரு பதிலில் வழக்கு தீர்ந்தது. கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்குவது என்பதால் குழந்தையையும் பத்து மணிக்குத்தான் அழைத்துப் போக வேண்டும் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். குழந்தையோ தினமும் வெள்ளி முளைக்கும்போது விழித்துக்கொண்டு வீட்டையே எழுப்பிவிடும். கூத்தின் முடிவும் குழந்தையின் விழிப்பும் ஒரே வேளையில் இருக்கின்றன என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

அன்றிரவு எட்டு மணிக்கே அம்மையாருடைய தம்பி வீட்டில் கொசுவலைக்குள் குழந்தை உறங்கியது. பத்து மணிக்குக் களரி கட்டும் மத்தள ஒலி வயல்களைத் தாண்டி மெல்லக் கேட்டது. குழந்தை ஒருமுறை புரண்டு படுத்தது, அவ்வளவுதான். விடியற்காலை ஐந்து மணிக்குத் தானே எழுந்தது. பால் குடித்து, தளர்வான பருத்திச் சட்டை அணிந்து, காது மூடியோடு அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டது. கொலுசும் சங்கிலியும் வீட்டிலேயே தங்கிவிட்டன. கையில் கட்டிய துணிப் பட்டையில் தாயின் கைப்பேசி எண் எழுதியிருந்தது.

களத்தின் நடுவே பனைமரத்தால் நட்ட தபசு மரம் உயர்ந்து நின்றது. கீழ்வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. பாசுபதம் வேண்டிக் கயிலை நோக்கித் தவம் செய்யும் அர்ச்சுனனாக, காவி உடுத்திய வாத்தியார் படிப்படியாகப் பாடிக்கொண்டு ஏறினார். மரத்தைச் சுற்றிப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு தரையில் படுத்திருந்தனர். உச்சியை அடைந்த அர்ச்சுனன் எலுமிச்சம்பழம், விபூதி, குங்குமம், வில்வம், பூ என்று ஒவ்வொன்றாகக் கீழே வீசினார். முந்தானைகள் விரிந்தன.

மகள் அப்படியே நின்றுவிட்டாள். தாய் வேண்டிக்கொண்டது அவளுக்குத் தெரியும். அந்த வேண்டுதல் எப்படிப்பட்டது என்பது அதுவரை தெரியாது. சென்னையில் இருந்த தனக்காக, அறுபத்தைந்து வயதில் தாய் விடியற்காலையில் நனைந்த புடவையோடு மண்ணில் கிடந்திருக்கிறாள்.

“அம்மா, நீயும் இப்படித்தான் படுத்திருந்தியா?”

“அப்ப முழங்கால் கொஞ்சம் நல்லா இருந்துச்சு” என்றார் அம்மையார்.

கூட்டம் விலகிய பிறகு, வாக்குக் கொடுத்தபடி குழந்தையை மரத்தடியில் ஒரு கணம் நிறுத்தினார். குழந்தை குனிந்து ஒரு வில்வ இலையை எடுத்து அம்மாவிடம் நீட்டியது. அண்ணாந்து பார்த்து ‘மேலே’ என்றது. அழவில்லை. வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பி, இட்லி தின்றுவிட்டு மறுபடி உறங்கியது. களத்தருகே அது இருந்தது நாற்பது நிமிடத்துக்கு மேல் இராது.

அதோடு வேண்டுதல் முடிந்தது. ஆனால் விழா முடியவில்லை. கர்ண மோட்சம் நடக்கும் இரவு வந்தது. பெரியவர் விழுப்புரத்திலிருந்து புறப்பட்டு வந்ததே அதற்காகத்தான். தானத்தால் உயர்ந்த கர்ணன் தன் புண்ணியத்தையும் தாரை வார்க்கும் கட்டத்தைச் சிறுவயது முதல் அவர் தவறவிட்டதில்லை. மாலையில் மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அப்பா, நான் இதுவரைக்கும் ஒரு கூத்துக்கூட முழுசாப் பார்த்ததில்லை. இன்னைக்கு அம்மாவோட போகட்டுமா? குழந்தையை நீங்க பார்த்துக்கறீங்களா?”

பெரியவர் சரி என்றார். தாயும் மகளும் பாய், தண்ணீர், போர்வையோடு புறப்பட்டார்கள். அவர் வாயிலை ஒட்டிய தாழ்வாரத்தில், கொசுவலைக்குள் உறங்கும் பேத்திக்கு அருகில் சாய்ந்துகொண்டார். தொலைவில் மத்தளம் ஒலித்தது. காற்று திரும்பும்போது கர்ணனின் பாட்டு இரண்டடி கேட்டது, பிறகு தேய்ந்தது. எந்தக் கட்டம் நடக்கிறது என்று அவருக்கு அடி மாறாமல் தெரிந்தது. விசிறியை அசைத்துக்கொண்டே மீதியைத் தமக்குள் பாடி முடித்தார். விடிந்தபோது மகள் சிவந்த கண்களோடு வந்து, கர்ணனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள்.

பேத்திக்குக் காட்ட நினைத்தது முதலில் மகளிடம் போய்ச் சேர்ந்தது. பல வீடுகளில் நடுத்தலைமுறைக்குப் படிப்பும் வேலையுமாகத் திருவிழாக்கள் தவறிப்போயிருக்கின்றன. கைக்குழந்தையை முன்னிட்டு அவர்கள் ஊருக்கு வருகிறார்கள். அந்த வேளையில் குழந்தையைத் தாத்தாவோ பாட்டியோ ஓர் இரவு ஏற்றுக்கொண்டால், பெற்றவர்கள் களத்தில் போய் அமர முடியும். நாளை குழந்தைக்குக் கதை சொல்லப் போகிறவர்கள் அவர்கள்தாமே.

இக்கோடையில் பேரக்குழந்தைகளோடு திருவிழாவுக்குப் புறப்படும் பெரியோர் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம். ஓடும் குழந்தையோடு முதியவர் தனியே போக வேண்டாம். கால் வலுவுள்ள ஒருவர் உடன் வரட்டும். காய்ச்சி ஆற்றிய நீரைக் கையோடு எடுத்துச் செல்லட்டும். கொசுவுக்காகக் குழந்தையின் அருகே சுருள் கொளுத்திப் புகையச் செய்ய வேண்டாம், வலையே நல்லது. வாணவேடிக்கையும் அதிர்வேட்டும் உள்ள இரவுகளை விட்டுவிடலாம். தீமிதியன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூக்குழி இறங்குவது அறவே வேண்டாம். இடறினால் தாங்க வேண்டியது அந்தப் பிஞ்சு உடல். அன்னை பிள்ளையைக் கொடுத்தது காப்பாற்றி வளர்ப்பதற்கே. குழந்தை கண்ணைக் கசக்கினால், எந்தக் கட்டமானாலும், எழுந்துவிட வேண்டும்.

அந்தச் சிற்றூரில் அடுத்த பாரதம் வரும்போது பேத்திக்கு ஐந்து வயது நெருங்கியிருக்கும். அப்போது அவளுக்குச் சொந்தமாக ஒரு பாய் வேண்டும் என்று பாட்டி இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். மரத்தடியில் அவள் எடுத்துக் கொடுத்த வில்வ இலை, சென்னை வீட்டுப் பூஜை அலமாரியில், அன்னையின் படத்துக்குக் கீழே காய்ந்தபடி இருக்கிறது.